கருகிய டேலியாவை ஆகஸ்டில் வெட்டினால் அக்டோபரில் பூக்குமா?

கேள்வி சுருக்கமாக இது: டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வீடு. ஏப்ரல் முதல் வாரத்தில் தரையில் பன்னிரண்டு டேலியா, பின்பக்கத்தில் ஒரு தொட்டியில் ஒன்று. ஜூனில் நன்றாகப் பூத்தன. ஜூலை பிறந்ததும் பூ சிறுத்தது, மொட்டு காய்ந்தது, கீழ் இலைகள் பழுப்பேறின. இப்போது மாதக் கடைசியில் பார்க்கவே பாவமாக நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் அடியோடு வெட்டிவிடச் சொல்கிறார். செடி விற்ற கடையில் உரம் போடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பிடுங்கிப் போடச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதியைக் கேளுங்கள். வெட்டத்தான் வேண்டும். ஆனால் அடியோடு வேண்டாம், இன்றைக்கும் வேண்டாம். உரம் இப்போது கூடவே கூடாது. பிடுங்க வேண்டிய செடி ஒன்றிரண்டு இருக்கலாம், அது எது என்று பார்க்கும் வழியைச் சொல்கிறேன். மற்றவை அக்டோபரில் பூக்கும். ஜூனில் பூத்ததைவிட நன்றாகவே பூக்கும்.

நான் டெக்சஸ் வருவதற்கு முன்பு சான்பிரான்சிஸ்கோவை ஒட்டியுள்ள டேலி சிட்டியில் குடியிருந்தேன். அந்தப் பக்கம் டேலியாவைச் சாகடிப்பதுதான் கஷ்டம். சான்பிரான்சிஸ்கோ நகரம் 1926-இலேயே டேலியாவைத் தன் ஊர்ப் பூவாக ஏற்றுக்கொண்டது. கோல்டன் கேட் பூங்காவில் அதற்கென்றே ஒரு தோட்டம் உண்டு. ஜூலை மாதத்திலும் காலையில் பனிமூட்டம், மத்தியானம் 20 டிகிரி செல்சியஸ் வந்தால் பெரிது. அங்கே கற்றதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான பிளானோவுக்கு வந்து, முதல் வருஷம் பதினெட்டுக் கிழங்கு நட்டேன். தப்பியது நான்கு. அந்த நான்கும் நான் வெறுத்துப்போய்க் கவனிக்காமல் விட்ட கிழக்குச் சுவரோரத்துச் செடிகள். எனக்கு அதில் இருந்த பாடம் புரிய இரண்டு வருஷம் ஆனது.

பகல் வெயில் மட்டுமே பிரச்சினை என்றால் நிழல்வலை கட்டி முடித்துவிடலாம். டாலஸில் டேலியாவைக் கொல்வது ராத்திரி. ஜூலை, ஆகஸ்டில் இங்கே பகல் சராசரி உச்சம் 36 டிகிரி, இரவின் தாழ்ந்த அளவே 25 டிகிரி. இது சாதாரண வருஷத்துக் கணக்கு. 2011-இல் 100 ஃபாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரியை, தொட்ட நாட்கள் மட்டும் 71. செடி பகலில் வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை செய்கிறது, இரவில் அதை எரித்து உயிர் வாழ்கிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக எரிக்கும். பகலிலும் 32 டிகிரியைத் தாண்டினால் தயாரிப்பு மந்தமாகிவிடுகிறது. ஆக, வரவு குறைந்து செலவு கூடி, மொட்டுக்குக் கொடுக்க மிச்சம் இல்லாமல் போகிறது. உங்கள் மொட்டுகள் கடுகு அளவில் காய்ந்து கறுத்தது அதனால்தான். நோய் என்று பயப்பட வேண்டாம். செடி தன் பிள்ளையைப் பட்டினி போட்டுத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இந்தச் செடியின் பிறந்த வீட்டைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். டேலியா மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைப்பகுதிச் செடி. மாட்ரிட் தாவரத் தோட்டத்தில் அதை வளர்த்து, 1791-இல் ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன்காரரின் பெயரை அதற்கு வைத்தவர் கவனில்யெஸ் என்ற தாவரவியலாளர். மெக்சிகோ 1963-இல் தேசியப் பூவாக அறிவித்தது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் கிட்டத்தட்ட அதே 2,240 மீட்டர்தான். ஊட்டியில் வீட்டுக்கு வீடு வாசலில் டேலியா நிற்பது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பழக்கத்தால் மட்டும் அல்ல, அந்தக் குளிர்ந்த ராத்திரியால். மெக்சிகோ மலையில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மேகம் போட்ட பகல், சில்லென்ற இரவு, வடிந்து ஓடும் ஈரம். டெக்சஸுக்கு மெக்சிகோ பக்கத்து வீடு என்றாலும் டேலியாவுக்கு டாலஸைவிட ஊட்டிதான் சொந்தக்கார ஊர்.

சமவெளியில் வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? சென்னையில் டேலியா வளர்ப்பவர்கள் ஐப்பசி வாக்கில் நட்டு, மார்கழி, தையில் பூ பார்க்கிறார்கள். சித்திரை வெயிலில் பூக்க வை என்று அதனிடம் யாரும் சண்டை போடுவதில்லை. நாமும் இங்கே அதே சமாதானத்துக்கு வர வேண்டும். டாலஸில் டேலியாவுக்கு இரண்டு பருவம்: மே கடைசி முதல் ஜூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் உறைபனி வரை இன்னொன்று. நடுவில் வரும் மூன்று மாதத்தில் பூ கேட்கக் கூடாது. மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருந்தால் போதும்.

இப்போது நாள் கணக்கு. டாலஸ் பக்கம் முதல் உறைபனி சராசரியாக நவம்பர் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. வெட்டிய டேலியா மறுபடி பூக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும் பெரிய ரகங்கள் ஒன்பது, பத்து வாரம்கூட எடுத்துக்கொள்ளும். இங்கே இரவுகள் 20 டிகிரிக்குக் கீழே நிலையாக இறங்குவது செப்டம்பர் பாதிக்கு மேல். அக்டோபர் சராசரி இரவு 14, 15 டிகிரி. அதாவது அசல் மெக்சிகோ ராத்திரி. அந்தச் சமயத்தில் மொட்டு உருண்டு நிற்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 10-க்கும் 20-க்கும் நடுவில் வெட்ட வேண்டும் என்று வருகிறது. பெரிய பூ ரகம் என்றால் ஆகஸ்ட் முதல் வாரம். சின்னப் பந்து போலப் பூக்கும் ரகங்களுக்கு மாதக் கடைசி வரை அவகாசம் உண்டு. அக்டோபர் முதல் பத்து நாளில் பூ தொடங்கும், நவராத்திரி பிந்தி வரும் வருஷங்களில் கொலுவுக்கே கிடைக்கும். தீபாவளிக்கு நிச்சயம்.

"செப்டம்பரில் கொஞ்சம் வெயில் தணிந்ததும் வெட்டலாமே" என்று தோன்றும். நானும் ஒரு வருஷம் அப்படிச் செய்தேன். துளிர் அழகாக வந்தது, பூ வரவில்லை. வந்த நாலைந்தும் நடுவில் மஞ்சள் கண் திறந்த, இதழ் குறைந்த பூக்கள். காரணம் பகலின் நீளம். செப்டம்பர் கடைசி வாரத்தில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே போகிறது. பகல் குறுகக் குறுக டேலியா பூவில் இருக்கும் நாட்டத்தைக் கிழங்கு பக்கம் திருப்பிவிடும், குளிர்காலத்துக்குச் சேமிக்கிற புத்தி. அதற்குள் செடி நிறைய இலையும் மொட்டும் கட்டியிருக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் வெட்டுவதற்கு மனசு வராது, ஆனாலும் அதுதான் சரியான நேரம்.

சரி, வெட்டுவதற்கு முன் பன்னிரண்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். தண்டின் அடியை மண் மட்டத்தில் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று இருந்து அழுகல் வாடை வந்தால் கிழங்கு போய்விட்டது, எடுத்துவிடுங்கள். அடுத்து இலை. இங்கே மண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இளம் இலைகள் வெளுப்பது சகஜம். அது இரும்புச்சத்துக் குறை, ஏறக்குறைய எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி தெரியும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு செடி மட்டும் குட்டையாகி, இலை நரம்பை ஒட்டி மஞ்சள் பட்டை விழுந்து, இலை சுருண்டு திட்டுத்திட்டாக இருந்தால் அது மொசைக் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அசுவினி மூலம் மற்ற செடிகளுக்கும் பரவும். அதன் கிழங்கை எடுத்து வைக்கும் ஆசையும் வேண்டாம், குப்பைத் தொட்டிதான். மெழுகு தடவிய மாதிரி இருந்த விலை உயர்ந்த ஒரு வெள்ளை ரகத்தை அப்படித் தூக்கிப் போட எனக்கு இரண்டு வாரம் மனசு வரவில்லை. அந்த இரண்டு வாரத்துக்குப் பக்கத்துச் செடி விலை கொடுத்தது.

மூன்றாவது சோதனைதான் ரொம்ப முக்கியம். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசி அல்ல, செஞ்சிலந்தி. நீங்கள் "கீழ் இலைகள் பழுப்பேறின" என்று எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்தச் சிலந்தியின் வேலை என்று நான் பந்தயமே கட்டுவேன். வெயில் கருக்கினால் மேல் இலையின் ஓரம்தான் முதலில் போகும். கீழிருந்து மேலாக, முதலில் ஊசிப் புள்ளியாக வெளுத்து, அப்புறம் வெண்கல நிறமாகி, பின் உதிர்ந்தால் அது சிலந்தி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு முட்டை ஒரு வாரத்தில் முட்டையிடும் சிலந்தியாகிவிடும். ஜூலை முழுக்க அதற்குக் கல்யாண மாதம்.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் கார்பரில் கலந்த பூச்சித்தூளை வாங்கித் தூவினேன். பத்தே நாளில் செடி முழுக்க நூலாம்படை. அந்தத் தூள் சிலந்தியை அதிகம் தொடுவதில்லை, சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிடும். பைரித்ராய்டு வகை மருந்துகளும் அப்படித்தான். போலீஸை ஊரைவிட்டு அனுப்பிவிட்டுத் திருடனைத் தேடுகிற கதை.

வேப்பெண்ணெய் நம் ஆட்களுக்குக் கை போகும் மருந்து. நல்ல மருந்துதான், ஆனால் 32 டிகிரிக்கு மேல் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும். டாலஸ் ஆகஸ்டில் அது காலையிலும் ஆபத்து. செய்ய வேண்டியது மலிவான வேலை: குழாயில் அழுத்தம் வைத்து, இலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். விடிகாலையில், இரண்டு நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். மேலிருந்து நனைத்தால் பிரயோஜனம் இல்லை, குனிந்து கீழிருந்து மேலே அடிக்க வேண்டும். இடுப்பு வலிக்கும். அப்புறம், டேலியா பாத்தியைச் சுற்றிப் பூச்சி விரட்டும் என்று செண்டுமல்லி வைத்திருந்தால் அதையும் தட்டிப் பாருங்கள். சிலந்திக்குச் செண்டுமல்லி பிடித்த சாப்பாடு. என் வீட்டில் அங்கிருந்துதான் புறப்பட்டது.

வெட்டுவதுகூட ஒரு வகையில் சிலந்தி வைத்தியமே. கூட்டம் முழுக்க இருக்கும் கிழட்டு இலைகளோடு அதை மொத்தமாக வெளியேற்றுகிறோம். அதனால் வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள், செடி அடியிலும் விடாதீர்கள். அங்கேயே பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

கவாத்துக்கு, அதாவது இந்த வெட்டுக்கு, முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வானிலையில் 40 டிகிரி என்று போட்டிருக்கும் நாட்களைத் தவிருங்கள், இரண்டு நாள் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வெயில் சாய்ந்த பிறகு தொடங்குங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவில் தேய்ப்பு ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். சந்தேகப்பட்ட செடியைத் தொட்டிருந்தால் ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள்.

டேலியாத் தண்டு மூங்கில் மாதிரி. கணுவில் அடைப்பு இருக்கும், கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் வெறும் குழல். கணுவுக்கு ஒரு சாண் மேலே வெட்டினால் மிச்சக் குழல் ஒரு டம்ளர் ஆகிவிடும். மழை பெய்யாவிட்டாலும் புல்தரைத் தெளிப்பான் அதை நிரப்பிவிடும். தண்ணீர் தேங்கி, அழுகல் அங்கிருந்து இறங்கிக் கிழங்கு வரை போகும். ஆகவே கணுவை ஒட்டி, அரை அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். மழை எதிர்பார்த்தால் வெட்டுவாய்க்கு ஒரு துண்டு அலுமினியத் தாள் தொப்பி போடலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

எவ்வளவு விட வேண்டும்? மார்பளவு நிற்கும் செடியை முழங்கால் அளவுக்குக் கொண்டுவாருங்கள். தடித்த தண்டு மூன்று, நான்கு மட்டும் வைத்து, பென்சிலைவிட மெலிந்தவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். வைத்த ஒவ்வொரு தண்டிலும் இரண்டு, மூன்று கணு இருக்க வேண்டும். அந்தக் கணுக்களில் கொஞ்சமாவது பச்சை இலை இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு நான் மாறுபடுவது இங்கேதான். அடியோடு வெட்டினாலும் கிழங்கிலிருந்து துளிர் வரும், குளிர்ந்த ஊரில் அது பிழைக்கும். இங்கே 36 டிகிரியில் ஒரு இலைகூட இல்லாத செடி மண்ணின் ஈரத்தை உறிஞ்ச வழியில்லாமல் நிற்கும். கிழங்கு வெந்நீரில் ஊறும் உருளைக்கிழங்கு ஆகிவிடும்.

கீழ் இலை முழுக்கப் போய்விட்டது, உச்சியில் மட்டும்தான் பச்சை என்றால் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். பாதித் தண்டுகளை மட்டும் முழங்கால் அளவுக்கு வெட்டி, மிச்சத்தைக் குடை மாதிரி விட்டுவையுங்கள். வெட்டிய தண்டின் கணுக்களில் மிளகளவு துளிர் தெரிந்ததும், பத்து நாள் போல ஆகும், மற்றதையும் வெட்டலாம். மேலே வெயில் சுட்டு வெந்துவிடாமல் இருக்க மேற்குப் பக்கமாக 30 முதல் 40 சதவீத நிழல்வலை கட்டுங்கள். செடிமேல் போர்த்தக் கூடாது, பந்தல் மாதிரி உயரத்தில், காற்று போகும்படி. செப்டம்பர் நடுவில் கழற்றிவிட வேண்டும், மறந்தால் செடி ஒல்லியாக ஓடிவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் என் பதினான்கு செடிகளும் செத்தன. விருதுநகர்ப் பக்கம் வளர்ந்தவன் நான், டாலஸ் மண்ணை முதலில் கையில் எடுத்தபோது சிரித்துவிட்டேன். அச்சு அசல் கரிசல். காய்ந்தால் கை நுழையும் வெடிப்பு, நனைந்தால் செருப்பைக் கழற்றிவிடும் களி. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று சின்ன வயதிலேயே தெரியும், இருந்தும் மத்தியானம் செடி தலை தொங்குவதைப் பார்த்தால் மனசு கேட்காமல் குழாயைத் திறந்தேன். மத்தியானம் டேலியா துவளுவது தாகத்தால் அல்ல. இலை விடும் ஆவி வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ராத்திரி நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் தாகம். அப்போதும் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

கவாத்துக்குப் பின் இலை பாதியாகக் குறைந்திருக்கும், தண்ணீரும் பாதிதான் குடிக்கும். அதுவரை விட்டதை அப்படியே விட்டால் அழுகல் நிச்சயம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு முறை ஆழமாக விட்டால் பெரும்பாலும் போதும், மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். துளிர் முழம் நீளம் ஆனபின் வாரம் இரண்டு, மூன்று முறை. சொட்டுநீர்க் குழாய் போட்டால் நல்லது. இந்தப் பக்கத்து ஊர்களில் பலவற்றில் தெளிப்பானுக்கு வாரம் இரண்டு நாள்தான் அனுமதி. சொட்டுநீருக்கும் கையால் ஊற்றுவதற்கும் பெரும்பாலும் அந்தக் கெடுபிடி இல்லை, உங்கள் ஊர் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மூன்று அங்குலத்துக்கு வைக்கோலோ பைன் பட்டையோ மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி அல்ல, நாலு விரல் தள்ளி.

உரத்தை ஏன் வேண்டாம் என்றேன்? வேர் சுருண்டு கிடக்கும் செடிக்கு உப்பு உரம் போட்டால் வேர்தான் எரியும். தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைத்து இலை விட்டாலும் அந்த மெதுமெதுப்பான இலை சிலந்திக்குப் பந்தி. துளிர் ஒரு சாண் வளரட்டும், செப்டம்பர் முதல் வாரம் போல. அப்போது மக்கிய தொழுவுரம் அல்லது கம்போஸ்ட் செடிக்கு இரண்டு கை, கூடவே தழைச்சத்து குறைந்த உரம் அளவாக. மணிச்சத்து (பாஸ்பரஸ்) அள்ளிப் போட்டால் பூ கொட்டும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பல வருஷம் உரம் கண்ட வீட்டுத் தோட்டங்களில் அது ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடக்கும், கூடினால் இரும்புச்சத்து இன்னும் கிடைக்காமல் போகும். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக விரிவாக்கச் சேவையின் மண் ஆய்வகத்துக்கு ஒரு பை மண் அனுப்பிப் பார்த்துவிட்டுப் போடுவது உத்தமம். இலை மஞ்சளுக்குச் சுண்ணாம்பு மண்ணில் சாதாரண இரும்பு உப்பு எடுபடாது, இ.டி.டி.எச்.ஏ. என்று போட்ட இரும்புச் செலேட்தான் வேண்டும். அக்டோபர் பிறந்தபின் எந்த உரமும் தேவையில்லை.

துளிர் வரத் தொடங்கியதும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஆசை வரும். ஒரு செடிக்கு நாலு, ஐந்து நல்ல கிளை போதும், மற்றதைச் சின்னதிலேயே விரலால் கிள்ளிவிடுங்கள். கோடைக்கு முன் செய்தது போல நுனி கிள்ளும் வேலை இப்போது வேண்டாம், அதற்கு நாள் இல்லை. புதுக் கிளைகள் பழைய தண்டோடு ஒட்டும் இடம் பலவீனமானது, செப்டம்பர் கடைசியில் ஒரு காற்றுமழை அடித்தால் உறித்துக்கொண்டு விழும். முழம் வளரும்போதே கம்பு நட்டு, துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு கிளை நுனியிலும் மூன்று மொட்டு சேர்ந்து வரும். பெரிய பூ வேண்டுமென்றால் நடுவில் இருப்பதை விட்டு, இரண்டு பக்கமும் பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சின்னப் பூ ரகத்தில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அப்படியே விட்டுவிடுவேன். வாடிய பூவை எடுக்கும்போது புதியவர்கள் மொட்டையும் சேர்த்துக் கிள்ளுவார்கள், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மொட்டு சட்டைப் பொத்தான் மாதிரி உருண்டை, கெட்டி. பூத்து முடிந்தது கூம்பு மாதிரி நுனி கூர்ந்து, அழுத்தினால் ஈரம் கசியும். எடுக்கும்போது பூக்காம்பை மட்டும் எடுக்காமல் கீழே அடுத்த கணு வரை இறங்கி வெட்டுங்கள், அடுத்த காம்பு நீளமாக வரும். ஜாடிக்கு வேண்டுமென்றால் காலையில், முக்கால்வாசிக்கு மேல் விரிந்த பிறகுதான் பறிக்க வேண்டும். ரோஜா மாதிரி மொட்டாகப் பறித்தால் டேலியா வீட்டுக்குள் விரியாது.

இரவு குளிரக் குளிர சிலந்தி அடங்கும், அதன் இடத்துக்குச் சாம்பல் நோய் வரும். இலைமேல் மாவு தூவிய மாதிரி. கீழே ஒரு முழத்துக்கு இலைகளை உருவிவிட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் உறைபனி வரை சமாளித்துவிடலாம். இப்போது வெப்பம் இல்லாததால் வேப்பெண்ணெயையும் தைரியமாக எடுக்கலாம். நவம்பரில் பூக்கள் நடுவில் மஞ்சள் கண் காட்டத் தொடங்கினால் நீங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அது குறும்பகலின் வேலை. தேனீக்களுக்குக் கொண்டாட்டம்.

எந்த ரகம் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கும் கஃபே ஓ லே ரகம் என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 1967-இல் வந்த அந்தப் பால்காப்பி நிறத்து அழகிக்கு வெயில் ஆகவே ஆகாது, அக்டோபரிலும் இரண்டு பூ கொடுத்துவிட்டு முறைத்துக்கொள்வாள். 1929-இல் வந்த தாமஸ் எடிசன், கத்தரிப்பூ நிறத்தது, என் தோட்டத்தில் வெட்டியதும் முதலில் துளிர்ப்பது. கறுத்த இலையும் சிவப்புப் பூவுமாக 1924-இலிருந்து இருக்கும் பிஷப் ஆஃப் லாண்டாஃபும் தாங்குகிறது. பொதுவாகப் பூ சிறிதாக இருந்தால் வெயிலைத் தாங்கும் சக்தி கூடுதல். அடுத்த வருஷம் ஏப்ரல் வரை காத்திராமல் மார்ச் நடுவில், உறைபனி பயம் போனதும் நட்டுவிடுங்கள், மே கடைசியிலேயே முதல் பூ பார்த்துவிடலாம். இரண்டு மூன்று கிழங்கைக் குளிர்ந்த இடத்தில் தூங்கவைத்து, ஜூன் கடைசியில் தொட்டியில் நிழலில் முளைக்கவைத்து, ஆகஸ்ட் கடைசியில் பாத்திக்கு மாற்றிப் பாருங்கள். கோடையையே காணாத அந்தச் செடிகள் அக்டோபரில் நிற்கும் அழகே தனி.

கடைசியாக அந்தத் தொட்டிச் செடி. அதற்கு மட்டும் ஆகஸ்ட் 10 வரை காத்திருக்க வேண்டாம். மேற்கு வெயில் அடிக்கும் சிமெண்ட் தரையில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருந்தால், உள்ளே வேர் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும். இன்றைக்கே வீட்டின் வடக்குப் பக்கத்துக்கோ கிழக்குச் சுவரோரத்துக்கோ நகர்த்துங்கள், தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள், தொட்டியைச் சுற்றிப் பழைய சாக்கு ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மற்றவற்றோடு சேர்த்து அதையும் வெட்டலாம்.